கையை எடுக்காத வரை

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன், சகோதரிகளே. போன ஞாயிற்றுக்கிழமை போட்டி நடந்த இடத்தில் நான் மயங்கி விழுந்துவிட்டதாகப் பேசிக்கொள்கிறீர்கள். நான் விழவில்லை. உட்கார்ந்தேன். நாற்காலி பார்த்து, முதுகு நேராக, சேலை கலையாமல் உட்கார்ந்தேன். கான்வென்ட்டில் எங்களுக்கு நிற்பதையும் உட்காருவதையும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். சோடாவை உடைத்து என் முகத்தில் தெளித்தது யார் என்பதும் எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன்... வசுமதி, நீ ஏன் தலையைக் குனிகிறாய்?

சரி, ஏன் உட்கார்ந்தேன்? அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. சின்னதுதான். அன்று வராதவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே காது கொடுங்கள்.

நம் ஊர் சதுரங்க லீக்கில் நம் பெண்கள் மன்றத்தை இந்த ஒரு வருடம் சோதனைக்காகத்தான் சேர்த்தார்கள். "முதல் ரெண்டு இடத்துக்குள்ள வாங்கம்மா, அடுத்த வருஷமும் ஆடலாம்" என்றார் செயலாளர். வராவிட்டால்? கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார். அவ்வளவுதான்.

போன ஞாயிறு மற்ற மேசைகள் எல்லாம் முடிந்துவிட்டன. மிச்சம் ஒரே ஒரு மேசை. இந்தப் பக்கம், தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் நம் தேன்மொழி. அந்தப் பக்கம், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் சந்தானம். தேன்மொழி ஜெயித்தால் இரண்டாம் இடத்துக்கு ஏறுவோம். டிரா ஆனால்... கடைசிச் சுற்றில் ஜெயித்தாலும் எட்ட முடியாது, அடுத்த வருடம் நமக்கு லீக்கே இல்லை.

பலகையைப் பாருங்கள். தேன்மொழியிடம் ராணி இருக்கிறது, சிப்பாய்கள் இருக்கின்றன. அவரிடம் என்ன இருக்கிறது? மூலையில் ஒதுங்கிய ராஜா. அது மட்டும்தான். பெரியவர் தோல்வியை ஒப்புக்கொள்வாரா? மாட்டார். ஆட்டம் தொடங்கியதிலிருந்து மேசைக்கு அடியில் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறார். மேசையும் கூடவே ஆடுகிறது.

அப்போது பின்னாலிருந்து நம் பெண்களில் ஒருத்தியின் குரல்.

"தேனு அக்கா, முடிச்சிட்டீங்க! மைசூர்பாகு சொல்லிரட்டுமா? கால் கிலோ போதுமா, அரைக் கிலோவா?"

தேன்மொழி என்ன செய்திருக்க வேண்டும்? காதில் விழாத மாதிரி இருந்திருக்க வேண்டும். இவள் என்ன செய்தாள்? ராணியைக் கையில் தூக்கிக்கொண்டே திரும்பினாள்... திரும்பி, "அரைக் கிலோ. நெய் மைசூர்பாகு" என்றாள்!

நடுவர் "உஷ்" என்றார். ராணி இறங்குகிறது. ராஜாவை இன்னும் ஒரு கட்டம் நெருக்க இறங்குகிறது. ராணியின் அடி பலகையைத் தொட்டுவிட்டது... அப்போது மேசை ஆடுவது நின்றது.

தேன்மொழி பிறகு என்னிடம் சொன்னாள்: "அம்மா, தோக்கப்போற மனுஷன் எதுக்கு மூச்சைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கார்னு தோணுச்சு. அப்பதான் பலகையப் பாத்தேன்."

பார்த்தால் என்ன? ராணி அந்தக் கட்டத்தில் நின்றால் ராஜா நகர ஒரு இடம்கூட இல்லை. ஆனால் ராஜாவுக்குச் செக்கும் இல்லை. செக் இல்லாமல் நகர வழியும் இல்லையென்றால் அது வெற்றியா? இல்லை. அது டிரா. ஒரு ராணி வைத்திருந்தாலும் டிரா. ஒன்பது ராணி வைத்திருந்தாலும் டிரா!

தொட்ட காயைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வேறு காயை எடுக்கலாமா? கூடாது. தொட்டால் நகர்த்தியே ஆக வேண்டும். ஆனால் விரல் இன்னும் காயின் மேல் இருக்கிறது. விரலை எடுக்காத வரை வேறு கட்டத்தில் வைக்கலாம். தேன்மொழி ராணியை அப்படியே நகர்த்தி, தள்ளி ஒரு கட்டத்தில் வைத்தாள். வைத்து... கையை எடுத்தாள்.

மேசை மறுபடியும் ஆடத் தொடங்கியது. பெரியவர் சிரித்துவிட்டார்.

"பாத்துட்டியேம்மா! இந்த மூலையில எத்தனையோ பேரை டிராவுல இறக்கிவிட்டிருக்கேன். நீ இறங்க மாட்டேங்கிறியே!"

கொஞ்ச நேரத்தில் செக்மேட். என் கணவரின் ஆபரேஷன் முடிந்து, டாக்டர் கதவைத் திறந்து சிரித்தாரே, அன்று விட்ட மூச்சு... அதற்குப் பிறகு போன ஞாயிறுதான் அப்படி ஒரு மூச்சு விட்டேன். அதனால்தான் உட்கார்ந்தேன். போதுமா?

இப்போது உங்களைக் கேட்கிறேன். ஆட்டத்தின் ஆரம்பத்தில் தேன்மொழி ஒரு குதிரையை இழந்து திணறினாள். அப்போது திரும்பிப் பார்த்தாளா? இல்லை. சமமாக இருந்தபோது பார்த்தாளா? இல்லை. ஜெயித்தாயிற்று என்று நினைத்த பிறகுதான் பார்த்தாள். அவரிடம் மிச்சம் இருந்தது ஒரு ராஜாவும் நம் அஜாக்கிரதையும்தான். அதை நம்பித்தான் அவர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்.

வரும் ஞாயிறு கடைசிச் சுற்று. எதிரணி பட்டியலில் கடைசி இடம். அதனால் ஒருத்திக்கு வளைகாப்பு வந்துவிட்டது, ஒருத்திக்குக் கிரகப்பிரவேசம் வந்துவிட்டது. "நாங்க இல்லாட்டியும் ஜெயிச்சிருவீங்கம்மா" என்கிறீர்கள். இரண்டாம் இடத்தில் இருக்கிறோம், உண்மைதான். இரண்டாம் இடத்தில் முடித்தோமா? இன்னும் இல்லை. அன்று திரும்பிப் பார்த்தது ஒருத்தி. இன்று மன்றமே திரும்பி உட்கார்ந்திருக்கிறது.

நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அணியில் பெயர் உள்ள ஒவ்வொருவரும், ஞாயிறு காலை ஆட வருகிறீர்களா இல்லையா என்று ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, வியாழக்கிழமைக்குள் என்னிடம் கொடுங்கள். போனில் சொல்ல வேண்டாம்.