பன்னிரண்டாவது ஷீட்

சுப்ரியா: இந்த பேப்பர அஞ்சு மணிக்கு ஜர்னலுக்கு அனுப்பிடுவேன். என்ன சொல்லணுமோ அதுக்குள்ள சொல்லு.

கேரல்: அனுப்பாதீங்கக்கா.

சுப்ரியா: ...என்ன?

கேரல்: இது புது பூ இல்லக்கா. அந்த மலையில ஏற்கெனவே இருக்கற காசித்தும்பையேதான்.

சுப்ரியா: கேரல்... ஆறு மாசமா வாயே தொறக்காத பொண்ணு நீ. தொறந்தா இதத்தான் சொல்லுவியா?

கேரல்: சாரிக்கா. ஆனா அதேதான்.

சுப்ரியா: மூணு வருஷமா அந்த மலை ஏறுறேன். எட்டாயிரம் அடியில அட்டைக்கெல்லாம் ரத்தம் குடுத்துட்டு எறங்குறேன். என் தீசிஸே இந்தப் பூவுலதான் நிக்குது. ரெண்டும் வேற வேறன்னு இங்க எழுதியிருக்கேன், நோடு, நீயே பாரு. இலையில முடி...

கேரல்: மேல போகப் போக குளிர், காத்து... முடி கூடத்தான் செய்யும். நீங்கதான சொன்னீங்க?

சுப்ரியா: சரி, முடிய விடு. பூவோட வால்? பழைய பூவுக்கு வால் கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும். நம்மளோடது ஊசி மாதிரி நேர். பூவ அமுக்கி ஒட்டின பதினோரு ஷீட்லயும் நேர். பதினொண்ணும் பொய் சொல்லுமா?

கேரல்: பன்னெண்டாவது ஷீட்ல வளைஞ்சிருக்கு.

சுப்ரியா: அது நம்ம லேப் உதயா ப்ரெஸ்ல வெச்சு அமுக்கினது! அவன் எத ஒழுங்கா வெச்சிருக்கான்? பூவெல்லாம் ஒடஞ்ச அப்பளம் மாதிரி கெடக்கு. அத நான் சேக்கவே இல்ல.

கேரல்: உதயா அண்ணன் கசக்கித்தான் வெப்பாரு. ஆனா எதையும் திருத்த மாட்டாரு.

சுப்ரியா: அப்டின்னா?

கேரல்: மத்த பதினொண்ணும் நான் வெச்சேன்.

சுப்ரியா: தெரியும். படம் வரைஞ்ச மாதிரி வெச்சிருந்த. கைடு சார்கூட...

கேரல்: அழகா வரணும்னுதான்... ஊசி முனையால வால நீட்டி விட்டேன்க்கா. ஒவ்வொரு பூவுக்கும்.

சுப்ரியா: நீட்டி விட்டியா? எப்ப?

கேரல்: பறிச்ச அன்னிக்கு. உங்களுக்கு ஜுரம். கீழ கூடாரத்துல படுத்திருந்தீங்க, பூவ செடியில பாக்கவே இல்ல. பூவ பறிச்சதெல்லாம் நாங்கதான். எனக்கு அதான் மொத மலை. சுருண்டு கெடந்தா திட்டுவீங்கன்னு பயம். வால்தான் அடையாளம்னு அப்ப தெரியாது.

சுப்ரியா: பதினொண்ணுமா?

கேரல்: பதினொண்ணும்.

சுப்ரியா: போடி, சுள்ளு.

கேரல்: பொய் சொல்றதுக்கா கேஜிஎஃப்லருந்து தெனமும் ட்ரெய்ன்ல நின்னுட்டு வர்றேன்?

சுப்ரியா: தப்பு பண்ணிட்டோம்னு எப்ப தெரிஞ்சுது உனக்கு?

கேரல்: இப்ப... இப்பத்தான். அக்கா, அமுக்காத மூணு பூவ ஒரு ஸ்பிரிட் பாட்டில்ல போட்டு வெச்சோமே. அதுல வால் எப்பிடி இருக்குன்னு பாத்தா போதும்.

சுப்ரியா: அந்த பாட்டில் காணோம்.

கேரல்: காணோமா?

சுப்ரியா: அலமாரி மாத்தினாங்கல்ல... அப்ப எங்கயோ போச்சு.

கேரல்: சரிக்கா. அப்ப நான் மலைக்குப் போறேன்.

சுப்ரியா: என்னது!

கேரல்: நாளைக்குக் காலைல பஸ். இன்னும் பத்து நாள் பூ இருக்கும். வால தொடாம போட்டோ எடுத்துட்டு வர்றேன்.

சுப்ரியா: நீ! ஸ்டாப் சொல்ல வெக்கப்பட்டு, ரெண்டு ஸ்டாப் தள்ளி எறங்கி நடந்து வர்ற ஆளு...

கேரல்: மலையில கண்டக்டர் இல்லக்கா.

சுப்ரியா: வெளையாடாத. தனியா எப்பிடி ஏறுவ?

கேரல்: உதயா அண்ணன் வர்றேன்னாரு. வராட்டி ஊர்லருந்து வழிகாட்டி யாரையாவது கூட்டிட்டுப் போவேன்.

சுப்ரியா: வனத்துறை பர்மிஷன்?

கேரல்: மாசக் கடைசி வரைக்கும் இருக்கு. பாத்துட்டேன்.

சுப்ரியா: எல்லாம் பாத்துட்டுதான் வந்திருக்க...

கேரல்: இத அனுப்பினா, என்னிக்காவது யாராவது ஏறிப் பாப்பாங்கக்கா. வளைஞ்சிருக்கும். அப்ப ஊசி புடிச்ச என்னை யாரும் கேக்க மாட்டாங்க. உங்களத்தான் கேப்பாங்க.

சுப்ரியா: ...டிக்கெட் போடாத.

கேரல்: போடுவேன்க்கா.

சுப்ரியா: பேடா, வேண்டாம்னா கேளேன்டி... இந்தா.

கேரல்: இது... பாட்டில்!

சுப்ரியா: என் ட்ராயர்லதான் இருந்துச்சு. திங்கக்கிழமையே பாத்துட்டேன். மூணும் வளைஞ்சுதான் இருக்கு.

கேரல்: பாத்துட்டுமா அனுப்பறேன்னீங்க?

சுப்ரியா: நாலு நாளா அனுப்பறேன் அனுப்பறேன்னு சொல்லிட்டு உக்காந்திருக்கேன். கை வரல. தீசிஸுக்காக மட்டும்னு நெனைக்காத... புதுசுன்னா ஒரு பேரு வெக்கணும்ல. பறிச்சவ பேரையே வெச்சிருந்தேன். உன் பேரு, கேரல். அத அழிக்கத்தான் மனசு வரல.

கேரல்: தெரியும்க்கா. போன வாரமே உங்க ஃபைல்ல பாத்தேன்... வால் விஷயமும் அதப் படிச்ச அன்னிக்கே தெரியும். ஒரு வாரமாவது என் பேர்ல இருக்கட்டும்னுதான் சொல்லல.