கழுத்து நேராக இருக்க

நீங்கள் கொடுத்திருக்கும் இந்த நாற்காலி நல்லது. சாய்ந்து உட்கார்ந்தால் கழுத்து நேராக நிற்கிறது. உங்களுக்கும் அப்படித்தான் என்று நம்புகிறேன்; விசாரணைக்காக ராகலை வரை வளைந்து வளைந்து வந்திருக்கிறீர்கள்.

நான் பல் டாக்டர். வலி நோயாளியின் பல்லில் இருப்பது ஊருக்கே தெரியும். அந்தப் பல்லைப் பார்க்கிறவனின் கழுத்தில் இருப்பது எவருக்கும் தெரியாது. வருஷக்கணக்காகப் பிறர் வாய்க்குள் எட்டிப் பார்த்ததில் என் தோள் கல்லாகிவிட்டது. யாராவது கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்ப முடியவில்லை, ஆளே திரும்ப வேண்டியிருந்தது.

இங்கே இன்னொரு தொல்லையும் உண்டு. தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் என் நாற்காலியில் சாய மாட்டார்கள். நர்ஸ் டோரீன் கெஞ்சுவாள்.

"சாஞ்சி படுங்கம்மா."

"ஐயா முன்னுக்குக் கால நீட்டிக்கிட்டா? வேணாங்க மிஸ்ஸி."

விளிம்பில் ஒடுங்கி உட்கார்ந்து, கையைக் கட்டி, தலையைக் குனிந்துகொள்வார்கள். அந்த வாய்க்குள் பார்க்க நான் அவர்களைவிடக் கீழே குனிய வேண்டும். அவர்களுடைய மரியாதைதான் என் கழுத்தை முறித்தது. இதை யாரும் விசாரிக்கவில்லை.

சொத்தையைச் சுரண்டி அடைப்பதற்கு நெடுநேரம் குனிந்திருக்க வேண்டும். பிடுங்குவதற்கு அப்படியில்லை. நிமிர்ந்து நின்று, பல்லைக் குறடால் பிடித்து, இரண்டு அசைப்பு அசைத்தால் போதும். ஆகவே பிடுங்கத் தொடங்கினேன். அடைத்தால் பிழைத்திருக்கும் பற்கள்தான், மறைக்கவில்லை. வேர் அழுகிவிட்டது என்பேன். "ஐயா சொன்னா சரிங்க" என்று வாயைத் திறப்பார்கள். முடிந்ததும் கும்பிட்டு நன்றி சொல்வார்கள். வலி போய்விட்டதல்லவா. எனக்கும் போயிற்று.

லோஜினியைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். சித்திரை வருஷப் பிறப்பு முடிந்து, தாய் நாகலெட்சுமியோடு வந்தாள். மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே கடுகளவு கறுப்பு. நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில், வருகிறவர்களை வரவேற்கும் வேலை கிடைத்திருந்தது.

"அடைச்சிருங்க ஐயா. திங்கக்கெழம வேலைக்குப் போவணும். சிரிச்சிக்கிட்டே நிக்கச் சொல்லியிருக்காங்க" என்றாள்.

அவளும் விளிம்பில்தான் உட்கார்ந்தாள். படித்த பெண்ணாவது சாய்வாள் என்று எதிர்பார்த்தேன். ஏமாற்றமாக இருந்தது.

"வேர் அழுகிவிட்டது. ரெண்டையும் எடுக்க வேண்டும்" என்றேன்.

அவள் தாயைப் பார்த்தாள். தாய் என்னைப் பார்த்தாள். "ஐயா பொய்யா சொல்லப் போறாங்க? வாயத் தெற புள்ள."

டோரீன் என் காதருகே வந்து, "டாக்டர், சின்னச் சொத்ததானே?" என்றாள். தலையைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தாள். வேறு பக்கம் பார்த்துக்கொண்டே பிடித்ததால் எனக்குக் கொஞ்சம் சிரமமாகப் போயிற்று.

லோஜினிக்கு வேலை போய்விட்டது என்கிறீர்கள். அவள் அந்தப் பற்களைத் துணியில் சுற்றிக்கொண்டுபோய் வேறொரு டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். வேர் முத்துப்போல இருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். சக தொழில்காரர் கொஞ்சம் யோசித்துப் பேசியிருக்கலாம்.

வெளியே நிற்கும் நாகலெட்சுமியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டியே அவளுக்குக் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அவளுக்கும் வலிக்குமாம், எண்ணெய் தேய்த்துக்கொண்டு மலைக்குப் போய்விடுகிறாள். அவர்கள் உடம்பு அப்படி. என் உடம்பு படித்த உடம்பு.

சிகிச்சை எடுத்தீர்களா என்று கேட்டீர்கள். எடுத்தேன். கண்டியில் ஒரு டாக்டர் தலையணையை மாற்றச் சொன்னார், நாற்காலியின் உயரத்தைத் திருத்தச் சொன்னார், தினமும் செய்ய ஒரு பயிற்சியும் காட்டினார். அருமையான மனிதர். தைப்பொங்கலுக்குள் வலி முழுதாக விட்டுவிட்டது.

ஆம், லோஜினி வந்தது அதற்குப் பிறகுதான். அன்றைக்கு எனக்கு வலி இல்லை. வராமல் பார்த்துக்கொண்டேன்.