தண்ணியில பஞ்சு

இல்லண்ணா, அங்கயே மாட்டிடுங்க. சுவத்துல ஓட்டை போட்டா ஓனரம்மா ஏதாவது சொல்வாங்கதான், நான் பேசிக்கறேன்.

சும்மா கேக்கறேன், தண்ணியில இருக்கற பிளாஸ்டிக்க வடிகட்டற இந்த ஃபில்டர் டப்பாவும் பிளாஸ்டிக்தானே? உள்ள போற குழாயும்? பாத்தீங்களா, உங்களுக்கே சிரிப்பு வருது. எங்க வீட்டுக்காரரும் காலையில இதச் சொல்லித்தான் சிரிச்சாரு. எப்படியோ மனுஷன் சிரிச்சாரேன்னு நான் ஒண்ணும் சொல்லல.

கலங்கலா வருதான்னு கேட்டீங்கல்ல? அதெல்லாம் இல்ல. கண்ணாடியாட்டம் வரும். கண்ணுக்குத் தெரிஞ்சா துணியக் கட்டி வடிகட்டிக்க மாட்டேனா?

நான் போர்வைக் கம்பெனியில வேலை பாத்தவ. மெத்துமெத்துன்னு இருக்குமே, குளிருக்குப் போத்திக்கறது. கம்பளின்னுதான் பேரு, எல்லாம் பிளாஸ்டிக் நூலு. அத முள்ளு உருளையில விட்டு மேலாக்க பஞ்சு மாதிரி எழுப்பணும், அதான் என் வேலை. சாயங்காலம் தலையத் தட்டினா கலர் கலரா உதிரும். அப்புறம் போர்வையெல்லாம் அலசி, அந்தத் தண்ணிய வாய்க்கால்ல விட்டுருவாங்க. வாய்க்கா ஏரிக்குப் போகுது. நமக்குக் குழாயில வர்றதும் அந்த ஏரித் தண்ணிதான். அப்பல்லாம் இத யாரு யோசிச்சா.

ஒரு நாள் ஏரி மீனு வாங்கிட்டு வந்து கழுவிட்டிருக்கேன். வயித்தக் கீறினா உள்ள ஒரு உருண்டை. பாசின்னு நினைச்சு விரலால பிரிச்சேன். நூலுண்ணா. நீலமும் செவப்புமா. எங்க போர்வைச் செவப்பு எனக்குத் தெரியாதா? மீனு குச்சியாட்டம் இருந்துச்சு. வயிறு ரொம்பிருச்சுன்னு நினைச்சுக்கிட்டே பட்டினி கிடந்திருக்கு பாவம். எனக்கு அன்னிக்கு சோறே எறங்கல. நிறைமாசம் வேற.

ஆமா. பொண்ணு.

மூச்சில்லாமத்தான் பொறந்துச்சு. பரவால்லண்ணா, நீங்க பாட்டுக்கு மாட்டுங்க. தலை நெறைய முடி. அப்பன் மூக்குன்னு எங்க மாமியார் சொன்னாங்க. சொல்லிட்டு வெளிய போயிட்டாங்க.

ஆஸ்பத்திரியில ஆராய்ச்சி பண்ற பொண்ணு ஒண்ணு, பிரசவத்துக்கு முன்னாடியே வந்து, நஞ்சுக்கொடிய பரிசோதனைக்குத் தர்றீங்களாக்கான்னு கேட்டுச்சு. தூக்கிப் போடறதுதானேன்னு சரின்னேன். எல்லாம் முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு நானே போய் நின்னேன். அது காட்ட மாட்டேன்னுச்சு. நான் நகரல. கடைசியில மைக்ராஸ்கோப்புல காட்டுச்சு. தூசியவிடப் பொடிசு. அதுல ஒண்ணு நீலம்.

இதுதான் என் புள்ளையக் கொன்னுச்சான்னு கேட்டேன். அது மைக்ராஸ்கோப்பு லைட்ட அணைச்சுச்சு. அப்புறம் சொல்லுச்சு, தெரியலக்கா, நல்லாப் பொறந்த குழந்தைங்களோட நஞ்சுக்கொடியிலயும் இது இருக்கு, இதனாலதான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதுன்னு. ஆமான்னு சொல்லியிருந்தா திட்டறதுக்காவது ஒரு ஆள் கிடைச்சிருக்கும். அந்தப் பொண்ணு மேல கோவமும் வரல. அதுக்கும் கண்ணு கலங்கியிருந்துச்சு.

வேலைய விட்டுட்டேன். பிளாஸ்டிக் குடம், டப்பா, வாளி எல்லாத்தையும் வெளிய போட்டுட்டேன். இவரு தடுக்கல. ஒரே ஒரு தடவ மட்டும், எதையெல்லாம்டி தூக்கிப் போடுவ, மழைத் தண்ணியிலயும் இருக்காமேன்னாரு. சொல்லிட்டு அவரே முகத்தத் திருப்பிக்கிட்டாரு. அதுக்கப்புறம் பாப்பா பேச்சையே நாங்க ரெண்டு பேரும் எடுக்கறதில்ல. அவருக்கு வலிக்கும்னு நான், எனக்கு வலிக்கும்னு அவரு.

அந்தத் தூசி மொத்தமா ஃபில்டர்லயே நின்னுரும்னு சொல்லாதீங்கண்ணா. வேணாம். பாதி நின்னாலும் போதும்.

எங்களுக்கா? நாங்க குடிச்சது குடிச்சதுதான், இனிமே என்ன. இல்ல, எனக்கு மறுபடியும் நாள் தள்ளிப் போயிருக்கு. நேத்துதான் டாக்டரம்மா உறுதியாச் சொன்னாங்க. அவருகிட்ட இன்னும் சொல்லல. எந்த இடத்துல ஆரம்பிக்கறதுன்னே தெரியல, அதான் உங்ககிட்ட ஒரு தடவ சொல்லிப் பாத்தேன்.