தங்கச்சி பையில இருந்த கத்தி

இல்லம்மா, அது என் பை இல்ல, என் தங்கச்சியோடது. மெஷின் பக்கத்துல தனியா எடுத்து வச்சிருக்காங்களே, பச்சைக் கலர்ல, அதான். அவளத்தான் அந்தச் சின்ன ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. பொம்பள ஆபீசருங்க ரெண்டு பேர் கூட இருக்காங்க. நான் பின்னாடியே போனேன், கூடாதுன்னு கையக் காட்டி இந்த பெஞ்ச்ல உக்கார வச்சிட்டாங்க. நீங்க வீல்சேருக்குக் காத்துட்டு இருக்கீங்களா? வந்துரும்மா. கூட்டம் இன்னிக்கு ஜாஸ்தி போல.

தப்பா ஒண்ணும் பண்ணலம்மா. பயப்படாதீங்க. கத்தி ஒண்ணு இருந்துச்சு பையில. கத்தின்னா பெரிய கத்தி இல்ல. கடைத்தெருவுல ஊர் ஞாபகமா விப்பாங்களே, மரப்பிடி போட்ட மடக்குக் கத்தி, பிடியில இந்த ஊர் கோட்டை படம் செதுக்கியிருக்கும். ஆப்பிள் தோல் சீவலாம், அவ்ளோதான். அதப் போய்ப் பெரிய பெட்டியில போடாம கைப்பையில போட்டாச்சு. ஸ்க்ரீன்ல பாத்ததும் அந்த ஆபீசரம்மா முகமே மாறிப்போச்சு.

கண்ணாடி உருண்டையையும் பிடுங்கி வச்சிட்டாங்க. குலுக்குனா பனி கொட்டுமே, அது. அண்ணன் பையன் கேட்டான்னு வாங்கினது. உள்ள தண்ணி இருக்காம், ஆகாதாம். ஆனா ஒண்ணு பாத்தேன், அத எடுத்துட்டுப் போன பையன், நம்ம திரும்பிட்டோம்னு நெனச்சு ஒரு தடவ குலுக்கிப் பாத்துட்டுத்தான் தொட்டியில போட்டான். யாரா இருந்தா என்ன, பனி கொட்டுறதப் பாக்க ஆசைதான்.

வாரம் பூரா கடை கடையா ஏறி இறங்குனதுதாம்மா மிச்சம். வெளிநாடு போறோம்னு சொன்னா போதும், நம்ம ஜனங்களுக்கு எங்கிருந்துதான் ஞாபகம் வருமோ. ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற பொம்ம, சாவிக்கொத்து, அண்ணிக்குக் கழுத்துல சுத்துற பூப்போட்ட துணி, என் பொண்ணுங்களுக்கு மணி வச்ச பேனா. எனக்கு ரெண்டு பொண்ணுங்கம்மா. பெரியவ காலேஜ் சேரணும் இந்த வருஷம்.

தங்கச்சி இங்கதான் இருக்கா, அஞ்சாறு வருஷமா. ஆஸ்பத்திரியில வேல. கை கால் விழுந்தவங்களுக்குப் பயிற்சி கொடுத்து நடக்க வைப்பாங்களே, அது. நல்ல பேரு அவளுக்கு. ரோட்டுல போனா கம்பு ஊனிட்டு வர்ற கிழவரெல்லாம் நின்னு கும்புடாத குறையா பேசிட்டுப் போறாங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு. வீட்டுல எல்லாருக்கும் கடைசி. ‘சின்னவ’ன்னுதான் கூப்டுவோம். அம்மா போனப்புறம் அவளுக்குத் தல பின்னி ஸ்கூலுக்கு அனுப்புனது நான். அதனால அண்ணன் சொன்னான், நீயும் வா, அக்கா வந்தாத்தான் அவ கெளம்புவான்னு.

எதுக்கா? அப்பாவுக்கு உடம்பு சரியில்ல. பக்கவாதம், ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு, உன் பேரச் சொல்லிட்டே இருக்காருன்னு நான்தான் ஃபோன்ல சொன்னேன். அன்னிக்கே லீவு எழுதிக் கொடுத்துட்டா.

இந்த ஊர்ல ஒரு பெரிய கடை இருக்கும்மா, இந்த மாதிரி ஞாபகப் பொருளுங்க மட்டுமே விக்கிறது. அதுக்குள்ள போயி அப்பாவுக்குக் கைத்தடி பாத்தா. நாம வாங்குறோம்னா கைக்கு வந்தத எடுத்துட்டு வந்துருவோம். அவ அப்படி இல்ல. ஒவ்வொண்ணா எடுத்து, அப்பா எப்படி நிப்பாரு, எந்தப் பக்கம் சாய்வாருன்னு யோசிச்சு, தானே ஒரு கால இழுத்து இழுத்து அந்தக் கடை பூரா நடந்து பாத்தா. இது உயரம்க்கா, இது வழுக்குதுக்கான்னு. கடைக்காரம்மா நெசமாவே அவளுக்குத்தான் கால் முடியலன்னு நெனச்சு நாற்காலி போட்டாங்க. எல்லாரும் சிரிச்சோம். அண்ணனும் சிரிச்சான்.

அப்புறம் கப்பு வச்சிருந்த பக்கம் போனா. அழகா ஒரு கப்ப எடுத்து, இது எனக்கு, திரும்பி வந்து நைட் டூட்டியில டீ குடிக்கன்னா. அண்ணன் அத அவ கையில இருந்து மெதுவா வாங்கி, இருந்த எடத்துலயே திருப்பி வச்சிட்டு, உனக்கு எதுக்குன்னான். அதட்டல. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். அவ வெளையாட்டுன்னு நெனச்சா.

நான் மட்டும் அந்தக் கப்பையே பாத்துட்டு நின்னேம்மா.

இருங்க. அண்ணன் வர்றான். இல்லண்ணே, இன்னும் விடல. தெரியலண்ணே, பாஷை புரிஞ்சாத்தான. ஏதோ ஃபைன் போடுவாங்கன்னு இவங்க சொல்றாங்க. ஆமா, நம்ம பக்கத்தவங்கதான், முட்டி ஆபரேஷனாம். நீ ஏண்ணே நிக்கிற, அங்க போர்டிங் ஆரம்பிச்சிருவான், நீ போயி கேட்ல சொல்லி வை, இன்னும் ரெண்டு பேர் வர்றாங்கன்னு. நீ சத்தம் போட்டேன்னா இன்னும் லேட் பண்ணுவாங்க. நான் இங்கயேதான் இருக்கேன். அவ எங்க போயிருவா. சரிண்ணே. சரி.

போயிட்டானா? இல்ல, அந்தத் தூண் பக்கம் நின்னு ஃபோன் பாக்குறான். பரவால்ல. சட்டைய நல்லா இஸ்திரி போட்டு, எல்லார்கிட்டயும் எவ்ளோ தன்மையா பேசுறான் பாத்தீங்கல்ல. உங்ககிட்டகூட முட்டி எப்படி இருக்குன்னு விசாரிச்சுட்டுப் போறான். அவன் கத்துனா எனக்குப் பயம் இல்லம்மா. சிரிச்சாத்தான் பயம்.

கொஞ்சம் தள்ளி உக்காரட்டுமா? நான் அவனப் பாத்த மாதிரி உக்காந்துக்கறேன். நீங்க அந்த ரூமப் பாத்த மாதிரி இருங்க.

என்ன கேட்டீங்க, அப்பாவா? அப்பா நல்லாத்தான் இருக்காரு. ஒண்ணும் இல்ல அவருக்கு. நேத்துகூட ஃபோன்ல, டைல்ஸ் லோடு வந்து இறங்கிருச்சான்னு அண்ணன அதட்டிட்டு இருந்தாரு. எங்களுக்கு டைல்ஸ் கடை.

அப்படிப் பாக்காதீங்கம்மா. சொல்றேன். சின்னவ இங்கயே ஒருத்தரப் பதிவுத் திருமணம் பண்ணிக்கிட்டா. அதே ஆஸ்பத்திரியில நர்ஸு, ஆம்பள நர்ஸு. நல்ல மனுஷன். நாங்க போயி எறங்குனப்ப என் செருப்பக்கூட அவரே எடுத்து உள்ள வச்சாரு. ஆனா நம்ம ஆளு இல்ல. அது எப்படியோ வீட்டுக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்பா வாயத் தெறக்கல, அதுதான் மோசம். அண்ணன்தான் சொன்னான், கோவப்பட்டா வர மாட்டா, நைசா கூட்டிட்டு வருவோம்னு. வீட்டுல வச்சுப் பேசி மனச மாத்துறது, மிஞ்சிப்போனா கொஞ்ச நாள் ரூம்ல போட்டுப் பூட்டுறது, அப்புறம் வேற எடத்துல கட்டிக் கொடுக்கறதுன்னுதான் நானும் நெனச்சேன். அதுக்குத்தான் தலையாட்டினேன். அதுவே பாவந்தான், தெரியும்.

அண்ணன் வந்த அன்னிக்கே அவர மாப்ள மாப்ளன்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டான். அவர் சமைச்சதச் சாப்ட்டான். ரெண்டாவது தடவயும் போட்டுச் சாப்ட்டான். சின்னவளுக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு, அண்ணன் மனசு மாறிட்டான்னு.

நேத்து நான் துணி காயப்போட்டுட்டு இருந்தேன். பக்கத்து ரூம் பால்கனியில அவன் ஃபோன் பேசிட்டு இருந்தான். நடுவுல பெரிய போர்வை தொங்குது, நான் இருக்கறது அவனுக்குத் தெரியாது. வீட்டுக்கு வேணாம், வண்டிய நேரா குடோனுக்கு விட்டுருன்னான். என்ன மொதல்ல வீட்டுல எறக்கிடலாம், பிள்ளைங்க காத்துட்டு இருக்கும்னான். முடிஞ்சப்புறம் அப்பாவுக்குச் சொல்லிக்கலாம்னான். அப்புறம் எதுக்கோ சிரிச்சான்.

இல்லம்மா, நான் எதையும் கற்பனை பண்ணல. எங்க பெரியப்பா பொண்ணு ஒருத்தி இருந்தா. அவளையும் இப்படித்தான் நல்ல வார்த்த சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்க. மறுநாள் வயித்துவலின்னு சொன்னாங்க. வந்தவங்க எல்லார்கிட்டயும் வாசல்ல நின்னு நானே அப்படித்தான் சொன்னேன், வயித்துவலின்னு. பொணத்த யாரும் கிட்டப் போயிப் பாக்கல. அன்னிக்கு எல்லாத்தையும் முன்ன நின்னு பாத்துக்கிட்டது இந்த அண்ணன்தான்.

அதான், இன்னிக்குக் காலையில சின்னவ பல்லு வெளக்குறப்ப நானும் பாத்ரூமுக்குள்ள போயி குழாயத் தெறந்து விட்டேன். அந்தத் தண்ணிச் சத்தத்துல சொன்னேன். அழல. பிரஷ்ஷ வாயில வச்சுக்கிட்டு கண்ணாடியிலயே என்னப் பாத்துட்டு நின்னா. அப்பா நல்லா இருக்காரான்னுதான் மொதல்ல கேட்டா. நல்லா இருக்காருன்னேன். அதுக்கு சந்தோஷப்பட்டாளா, உடைஞ்சு போனாளான்னு எனக்கு இன்னமும் தெரியலம்மா.

அங்கயே ஓடியிருக்கலாமேங்கறீங்க. எப்படி? ராத்திரி வாசக்கதவ அடைச்சு மெத்தையப் போட்டுப் படுக்கறான். மூணு பாஸ்போர்ட்டும் அவன் சட்டைப் பையில. அவ ஃபோனக்கூட, அப்பாகிட்ட இருந்து வருது நானே பேசறேன்னு வாங்கி வச்சுக்கிட்டான். அவ வீட்டுக்காரரு டூட்டியில இருக்காரு, அவர வரச் சொல்லி, அவர இவன் என்ன பண்ணுவானோ. டாக்ஸியில அவள நடுவுல உக்கார வச்சுட்டு வந்தான். அவனால கூட வர முடியாத எடம்னு ஒண்ணு வேணுமே. யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். வர்றப்ப இதே மாதிரி எடத்துல என் இடுப்புல இருந்த பின்னுக்கு மணி அடிச்சு என்ன மட்டும் தனி ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஆம்பள யாரும் வரக் கூடாதுன்னு அண்ணன வெளியவே நிறுத்திட்டாங்க. இங்க வேற, பாஸ்போர்ட்ட அவங்கவங்க கையில வச்சுக்கணும்னு சொல்லி வாங்கிக் கொடுத்துருவாங்க.

அந்தக் கத்திய நான்தாம்மா அவ பையில போட்டேன்.

உள்ள போனதும் எல்லாத்தையும் சொல்லிருன்னு சொல்லியிருக்கேன். அவளுக்கு இவங்க பாஷை தண்ணி பட்ட பாடு.

ஸ்பீக்கர்ல கூப்புடறாங்களா? ஆமா, எங்க மூணு பேரு பேர்தான். கேட்டுச்சு. அண்ணனும் நிமிந்து பாத்துட்டான். நான் திரும்பிப் பாக்க முடியாதும்மா, அவன் என் முகத்தத்தான் பாத்துட்டு இருக்கான். நீங்க பாத்துச் சொல்லுங்க. கதவு தெறந்துச்சா? எந்தப் பக்கம் போறா, வெளியவா? ஆபீசர் கூட இருக்காங்களா? ரெண்டு பேருமா. சரி. பை? பைய விட்டுட்டுப் போறாளா. போகட்டும், பைல என்ன இருக்கு. பாஸ்போர்ட் கையில இருக்கா? நல்லாப் பாருங்க. ம்.

திரும்பிப் பாத்தாளா?

சரி. பாக்காம போறதுதான் நல்லது.

நானா? நான் போயாகணும்மா. பொண்ணுங்க அங்க இருக்கு. நான் வரலன்னா அதுங்ககிட்டதான் வருவாங்க. என்ன அவன் என்ன பண்ணுவான்னு தெரியாது. பிளைட் எறங்கற வரைக்கும் பக்கத்து சீட்டுல உக்காந்து சிரிச்சுட்டுதான் வருவான்.

இங்கதான் வர்றான். அழாதீங்கம்மா, தயவுசெஞ்சு. கண்ணத் தொடைங்க. கேட்டா, ரூமுக்குள்ளதான் இருக்கா, நீங்க கதவையேதான் பாத்துட்டு இருக்கீங்கன்னு சொல்லுங்க. அவ டாக்ஸி ஏறுற வரைக்கும் போதும். இவ்ளோ நேரம் நானே பேசிட்டு இருந்துட்டேன். இப்ப நீங்க ஏதாச்சும் பேசுங்க. பேரன் பேத்தியப் பத்தி, எதுவா இருந்தாலும். கொஞ்சம் சத்தமா.