ஆள்காட்டி முட்டைக்குக் காவல்

…இல்ல தம்பி, நீங்களே சொல்லுங்க, இது நாயமா? தலவாக்கலையில யோகேஸ்வரன் ஸ்டூடியோன்னா பஸ்காரனுக்கும் தெரியும். அழுவுற கல்யாணப் பொண்ண சிரிக்க வச்சவன் நான். பந்தியில சண்ட போட்டுக்கிட்டு நின்ன ரெண்டு சம்மந்திய தோள்ல கை போட வச்சு படம் புடிச்சவன். என்னையக் கண்டு இதுவர யாரும் ஓடுனதில்ல. இந்த ஒரு குருவி! ஒரே ஒரு ஆள்காட்டிக் குருவி! என் தல மேட்டுல தெரிஞ்சா போதும், ஊரயே கூட்டிருது. கொலகாரன் வந்துட்டான்ங்கிற மாதிரி ஒரு கத்து!

ஆமா, இந்த டீ எனக்குத்தானே? ரெண்டு பிளேன்டி இருந்துச்சா, ஒண்ண எடுத்துக் குடிச்சுட்டேன். பாதி உள்ள போனப்புறம் கேக்குறேன் பாருங்க, மானங்கெட்டவன்! இருக்கட்டும். முன்னபின்ன தெரியாதவனுக்கு டீ சொல்லி வைக்கிற மனசு கொழும்புப் பக்கம் இன்னும் இருக்குல்ல. கடக்கார பைஸர் நானா, பாத்தீங்களா இந்தத் தம்பிய? நீங்களும் இருக்கீங்களே, உள்ள மீன் வச்ச ஒரு மாலு பணிஸ் எடுத்து நீட்டுனதில்ல எனக்கு.

என்னா, என்னமோ சொல்ல வந்தீங்க? வழியா? சொல்றேன், சொல்றேன். இந்தக் கட பக்கத்துலதான் குறுக்குப் பாத எறங்குது. தேயில முடியுற எடத்துல டேம் தண்ணி. தண்ணி வத்துனதும் ஒரு கல்லுத் தர தெரியும். அங்கதான்… ஒக்காருங்க, குருவி எங்க போவப்போகுது? அவ்வளவு பெரிய லென்ஸ வச்சுக்கிட்டு அவசரப்படக்கூடாது.

மொதல்ல அதப் பத்தி தெரிஞ்சுக்குங்க. நீளமா மஞ்சக் காலு. கண்ணுக்கு முன்னால செவப்பா சத. நடைய பாக்கணுமே, தோட்டத்துத் தொர மலை பாக்க வந்த மாதிரி ரெண்டு எட்டு வைக்கும், நிக்கும், சுத்திப் பாக்கும். ஆனா வீடு? ஒண்ணுமில்ல. வெறுந்தரையில, கல்லுக்கு நடுவுல முட்டய போட்டு வச்சிருது. நம்ம லயத்து ஒத்த ரூம் காம்பரா அதுக்கு மாளிகை! நாலு முட்ட, அதுவும் கல்லு மாதிரியே புள்ளி புள்ளியா. மிதிச்சாத்தான் தெரியும்.

எனக்கு என்னாத்துக்கு இந்த வேலன்னு கேக்குறீங்களா? கேக்கல? சரி, நானே சொல்றேன். ஸ்டூடியோவுக்கு இப்ப யாரு வர்றா? எல்லார் கையிலயும் போன். சடங்கு வீட்டுல கூட, தாய்மாமன் தட்டோட வர்றாரு, நான் கேமராவத் தூக்குறேன், எனக்கு முன்னால பத்து போனு தூக்கி நிக்குது. சடங்குப் பொண்ணு தெரியல, போனுதான் தெரியுது. அப்பத்தான் நெனச்சேன், யாரும் எடுக்காதத நாம எடுப்போம்னு. புத்தி போன போக்கு அப்பிடி.

மொதநாள் போனேன். கத்துச்சு. மறுநாள் பதுங்கிப் போனேன். தலைக்கு மேலயே சுத்திச் சுத்திக் கத்துச்சு. ஆனா மேல மலையில கொழுந்து எடுக்குற பொம்பளங்க சத்தம் போடுறாங்க, சிரிக்கிறாங்க, அவங்களப் பாத்து ஒரு சத்தம் கெடயாது! தெனம் பாக்குற ஆளுங்க பாருங்க. ஓகோன்னு, எங்க மீனம்மா அக்காகிட்ட கெஞ்சி, இடுப்புல கட்டுற படங்கு, தலையில போடுற துணி, கொழுந்துக் கூடை எல்லாத்தயும் வாங்கி… ஆமா தம்பி. கட்டுனேன். இந்த மீசையோட.

சிரிங்க, சிரிங்க. அவங்க சிரிச்சதுக்கு இது ஒண்ணுமில்ல. கணக்கப்புள்ள கிஷாந்த் மேல இருந்து பாத்துட்டாரு. "யாரு அது, நெரைய விட்டுட்டு கீழ நிக்கிறது? கொழுந்து இங்கிட்டு இருக்கு!" நான் வாயத் தொறக்க முடியுமா? தொறந்தா ஆம்பளக் கொரலு. பேசாம மேல ஏறி, நெரையில நின்னு, கொழுந்து கிள்ளுனேன். முத்தல எலையயெல்லாம் கிள்ளுறேன்னு அதுக்கும் ஏச்சு வாங்குனேன்!

ஆனா ஒண்ணு, வேசம் பலிச்சுருச்சு. திரும்ப எறங்குனப்போ குருவி கத்தல. எழுந்து நாலு எட்டு தள்ளிப்போய் நின்னுச்சு, அவ்வளவுதான். நாலு முட்டையும் என் முன்னால. எடுத்தேன். பாத்தா… இருங்க, கைய காட்டாதீங்க, அந்தப் பக்கம்தான் பாதன்னு எனக்குத் தெரியும். பாத்தா, படத்துல ஒண்ணும் வெளங்கல. முன்னால புல்லு. சுத்தி அதே நெறத்துல கல்லு. எது முட்ட எது கல்லுன்னு எனக்கே தெரியல.

சும்மா விடுவேனா? நம்ம தொழிலே மேட சோடிக்கிறதுதான? புல்ல புடுங்குனேன். சருகப் பெறக்குனேன். அதோட நிறுத்தியிருக்கலாம். பழைய தொர பங்களாவுக்குப் போற பாதையில ரெண்டு பக்கமும் சுண்ணாம்பு அடிச்ச கல்லு அடுக்கியிருப்பாங்கள்ல, அழகா வெள்ள வெளேர்னு? அதுல நல்லதா பாத்து கொழுந்துக் கூடையில சொமந்துட்டு வந்து, முட்டயச் சுத்தி வட்டமா வச்சேன்!

ஐயோ, என்னா படம் தம்பி! பளிச்சுன்னு. சுத்தி ரோசாப்பூ பிரேம் போட்டு, "இனிய காலை வணக்கம்"னு எழுதி, கீழ ஸ்டூடியோ பேரு, போன் நம்பர், எல்லாம் போட்டு பேஸ்புக்ல ஏத்துனேன். எங்க எடுத்ததுன்னு கேட்டுச்சு அது. கேட்டா சொல்றதுதான மரியாத? எடத்தயும் போட்டேன், மேப்போட.

விடிஞ்சு போறேன்… காக்கா. நாலும் இல்ல. ஓடு மட்டும் கெடக்கு. கல்லோட கல்லா ஒளிச்சு வச்சிருந்தத, மேலயிருந்து பாக்குறவனுக்கு வெள்ள வட்டம் போட்டு காட்டிக் குடுத்துட்டேன் நான். அந்தக் குருவி அந்த வட்டத்துக்குள்ளயே நின்னுச்சு தம்பி. என்னையப் பாத்து கத்தக்கூட இல்ல. கத்தியிருந்தா நல்லாருந்திருக்கும். எனக்கு சோறு எறங்கல, நெசமா. வீட்டுல ஜீவராணி சொல்லுது, "கல்யாண வீட்டுல சாமிப் படத்த மறைச்சு நிக்கிறவங்கள நகத்தி நகத்தி எடுப்பீங்களே, அந்தக் கையி சும்மா இருக்குமா"ன்னு. பொண்டாட்டி சொல்லு சில நேரம் சரியாத்தான் இருந்து தொலைக்குது.

…அந்தக் கத்தல விடுங்க. கேக்குதா? அதுதான். மாடு தண்ணிக்கு எறங்கியிருக்கும், அதுக்கும் இப்பிடித்தான் கத்தும். என்னா, மறுபடி எழும்புறீங்க? முக்கியமான எடத்துல எழும்பாதீங்க. குறுக்க பேசுனா எனக்கு கோர்வை விட்டுப்போவும். ஒக்காருங்க.

இப்ப கேளுங்க. அது மறுபடி முட்ட போட்டிருக்கு! கொஞ்சம் தள்ளி. மீனம்மா அக்கா மலையில இருந்து பாத்துட்டு வந்து சொல்லுச்சு. இந்த வாரம் பொரிச்சாலும் பொரிச்சுரும்னு சொல்லுது. நான் பாக்கல. பாக்கப் போகவும் இல்ல. என் கேமரா பூட்டுல இருக்கு, சாவி ஜீவராணி கையில.

ஆனா பேஸ்புக்ல போட்ட படம் சும்மா இருக்குதா? நான் அழிச்சுட்டேன். அதுக்குள்ள யாரு யாரோ எடுத்து அங்கிட்டு இங்கிட்டு அனுப்பி, இப்ப லீவு நாளானா ஹட்டன் பஸ்ல ஆளு வந்து எறங்குது, இந்த மாதிரி லென்ஸோட. மொதல்ல வந்தவங்ககிட்ட கையெடுத்துக் கும்புட்டேன், போவாதீங்கன்னு. சிரிச்சுட்டு போய்ட்டாங்க. அவங்க நின்ன நேரமெல்லாம் அது முட்டையில ஒக்காரவே இல்ல. இது என்னா, வெயில் அடிக்கிற ஊரா? இந்தக் குளுருல தாய் ஒக்காரலன்னா உள்ள இருக்குற குஞ்சு வெறச்சு செத்துப்போவும். நல்லவேள, அன்னிக்கு மழ வந்து அவங்கள வெரட்டுச்சு.

அதனால… சொல்லிர்றேன், கோவிச்சுக்காதீங்க. அதனாலதான் நான் இங்க ஒக்காந்திருக்கேன். பாத எறங்குற எடத்துல, நானா கடையில. சண்ட போட எனக்குத் தெரியாது. பேசத்தான் தெரியும். வழி கேட்டு யாரு வந்தாலும் புடிச்சு ஒக்கார வச்சு பேசுவேன். பின்நேரமானா பனி எறங்கிரும், அப்புறம் கைய நீட்டுனா கை தெரியாது, எவன் படம் எடுக்குறது? பஸ்ஸப் புடிச்சு போயிருவாங்க. ஊரே திட்டுன வாய், இப்ப நாலு முட்டைக்குக் காவல் நிக்குது! வெளிய பாருங்க. தேயில தெரியுதா? ரோடு தெரியுதா? பனி வந்துருச்சு. நீங்க தோத்துட்டீங்க தம்பி, நான் செயிச்சுட்டேன்! இன்னொரு டீ குடிங்க, நான் வாங்கித் தர்றேன்.

சிரிக்க மாட்டேங்கிறீங்க. ஏன் மொகம் இப்பிடிப் போச்சு?

…அது இன்னும் கத்துதே. மாட்ட இந்நேரம் ஓட்டிட்டுப் போயிருப்பாங்களே. பனிக்குள்ள யாரப் பாத்து கத்துது?

இந்த நீளப் பை ஏன் காலியா கெடக்கு? இதுல கேமரா வைக்கிற ஸ்டேண்ட் இருக்கணுமே.

தம்பி. இந்த ரெண்டாவது டீ… எனக்குச் சொன்னது இல்லியா?

ரெண்டு பேரா வந்தீங்க? கூட்டாளி மேப்ப பாத்துக்கிட்டு முன்னாடியே எறங்கிட்டானா? ஐயோ, அதச் சொல்லத்தான் எழும்பி எழும்பி நின்னீங்களா? கைய கைய காட்டுனீங்களே! மொத வாயிலயே சொல்ல விட்டிருந்தா ஒரு சத்தம் குடுத்து கூப்புட்டிருக்கலாமே! நான் எங்க விட்டேன்? மேல இருக்குறவன புடிச்சு வச்சுக்கிட்டு, கீழ இருக்குறவன விட்டுட்டு, காவல் காத்தேனாம் காவல்!

நானா, அந்த இடுப்புப் படங்கையும் தலத் துணியையும் எடுங்க, மூலையில இருக்கு, அதக் கட்டுனாத்தான் குருவி கத்தாது. போன்ல அவன கூப்புடுங்க தம்பி… சிக்னல் இல்லியா? வாங்க, நீங்களும் வாங்க, உங்க கொரலுக்குத்தான் அவன் வருவான். கல்லப் பாத்து கால வைங்க. கிட்டப் போற வரைக்கும் பேசாம வாங்க, சத்தம் கேட்டா குருவி முட்டய விட்டு இன்னும் தூரமா போயிரும்.

நீங்க எங்க பேசுனீங்க. நான்தான். இந்தா, மூடிட்டேன்.