முழுப் புள்ளி எடுத்தவளை நம்பாத யோசப்பீன் அக்கா

மாணவர் மனமறிந்த மாண்பாளர், அடங்க மறுத்த அன்பாளர், ஜெர்மனியின் ஆஹென் நகரப் பச்சைக்கதவு மாணவர் ஆலோசனை நிலையத்தில் இருபத்தாறு ஆண்டுகள் அயராது பணியாற்றி இன்று ஓய்வுபெறும் திருமதி யோசப்பீன் ஜேசுரட்ணம் அவர்களைப் பற்றி, அவையோரே, உங்களிடமே சொல்கிறோம். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழும்பிப் போய்விடுவேன் என்று எச்சரித்திருக்கிறார். செய்யக்கூடியவர்.

பொறுமையின் இருப்பிடம் என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். பொய் எழுத மனம் வரவில்லை.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் நிலையத்துக்குப் புதிய வினாத்தாள் ஒன்று வந்தது. கடமையுணர்வும் கலகலப்பும் கூடிய மாணவருக்கு மனச்சோர்வு வராது என்பது அதன் கணக்கு. ஜெர்மன் பிள்ளைகளை வைத்துப் போட்ட கணக்கு. ஆலோசனை தேடி வந்த பொறியியல் மாணவி சிவசக்தி, ஐம்பது கேள்விக்கும் ஆகச் சிறந்த பதிலையே குறித்திருந்தாள். அவளுடைய கோப்பை மூடச் சொன்னார் நிலையத் தலைவர். அக்காவுக்கு அந்த ஐம்பதும் உறுத்தின. குறையே இல்லாத பிள்ளை இங்கே ஏன் வந்தது? கோப்பை மூடாமல் அவளைக் கூப்பிட்டார். சுகமோ என்று கேட்டால் நம் பிள்ளைகள் சுகம் என்றுதான் சொல்வார்கள் என்பதால் அதைக் கேட்கவில்லை.

"கடைசியா எப்ப வடிவாச் சாப்பிட்டனீங்கள், பிள்ளை?"

"ஞாபகமில்லை அக்கா. நித்திரையும் இல்லை. ரெண்டு சோதனை பெயில். வீட்டில சொல்லேல்லை."

"அப்ப ஏன் எல்லாம் நல்லம் எண்டு போட்டனீங்கள்?"

"அதுவும் சோதனைத்தாள் மாதிரித்தானே இருந்தது. பிழை விடக் கூடாதெண்டு பாத்துப் பாத்துப் போட்டனான்."

பெற்றோருக்குப் பாரமாகக் கூடாது என்ற அந்தக் கடமையுணர்வுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. அக்கா வாரத்துக்கு இரண்டு முறை வந்து பேசத் தெர்மின் கொடுத்தார்; மருத்துவரிடம் தாமே கூட்டிப்போனார். பிள்ளை பிழைத்தாள். தலைவர் சொல் கேளாமைக்காக அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதைச் சட்டமிட்டு மேசைக்கு மேலே மாட்டினார்.

"அந்தத் தாளை மாத்தட்டும், இதைக் கழட்டுறன்" என்றார் எங்களிடம்.

தாள் இன்னும் மாறவில்லை. கடிதமும் இறங்கவில்லை, அக்கா போன பின்பும் இறங்காது. இந்த மடலை மட்டும் அவர் வீட்டுக்குக் கொண்டுபோகட்டும்.

நோயின்றி நூறாண்டு வாழ்க, அக்கா. யாராவது சுகமோ என்று கேட்டால் உண்மையைச் சொல்லியே வாழ்க.

இங்ஙனம்,
பச்சைக்கதவு நிலையத் தமிழ்ப் பணியாளர்கள், ஆஹென்.

எழுதி வாசித்தவள், பொறியியலை விட்டு உளவியல் படித்து நாளை அந்த மேசைக்கு வருபவள், சிவசக்தி. இதில் பிழை இருந்தால் இருக்கட்டும்.