டிப்ஸ் டப்பாவும் மீன் வறுக்கும் அக்காவும்

நேற்று மாமல்லபுரத்தில் செங்கல்பட்டு பஸ் ஏறினேன். முன்சீட்டில் ஓட்டல் சப்ளையர் ஒருவர் தன் நண்பரிடம் சொன்னது காதில் விழுந்தது.

“மீன் வறுக்குற அக்கா எங்க டிப்ஸ் டப்பாவ சாமி உண்டியல்னு நெனச்சுகினு இருந்திருக்கு மச்சான்.”

“இன்னாடா சொல்ற?”

“ஒரு கஸ்டமரு, மீனு சூப்பர்னு அக்காவ வெளிய கூப்ட்டு கையில டிப்ஸ் குடுத்தாரு. அது நேரா வந்து எங்க டப்பாவுல போட்டு கும்புட்டுச்சு. சப்ளையருங்க நாங்க மட்டும் பிரிச்சுக்கிற டப்பா அது. கிச்சனுக்குப் பங்கே கெடையாது.”

“அதுகிட்ட சொன்னீங்களா?”

“சொன்னோம். விழுந்து விழுந்து சிரிக்குது. எங்களுக்குத்தான் மூஞ்சிய எங்க வெச்சுக்கிறதுன்னே தெரில. அன்னிலேர்ந்து கிச்சனுக்கும் சமபங்கு.”

“எல்லாரும் ஒத்துக்கினாங்களா?”

“ஒருத்தன் மட்டும் முடியாதுன்னான். அன்னிக்கு மத்தியானம் அவன் டேபிளுக்கு மட்டும் மீனு வரவே இல்ல. போய்க் கேட்டா, ‘எண்ணெ இன்னும் காயல தம்பி’ன்னுச்சு அக்கா. சாப்பாட்டு நேரம் முடியறதுக்குள்ள ஒத்துக்கினான்.”